வேலை விண்ணப்பத்துக்கு மாதிரிப் பணி: கோப்பர்னிகஸ் தரவுக் கிடங்கு எவ்வளவு உதவும்?

பெர்க்லி எர்த், கார்பன்பிளான், ஓப்பன் கிளைமேட் ஃபிக்ஸ், எம்பர் மாதிரியான லாபநோக்கற்ற அமைப்புகள் காலநிலைத் தரவை வைத்தே இயங்குபவை. அங்கே வீட்டிலிருந்து செய்யும் ஆராய்ச்சி வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, பட்டச் சான்றிதழ் முதல் சல்லடையைத் தாண்ட உதவும். அதற்கு மேல் பேசுவது மாதிரிப் பணிதான். ஒரு கேள்வி, அதற்கு எடுத்த தரவு, எழுதிய நிரல், வந்த விடை, அந்த விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற குறிப்பு: இவை ஐந்தும் ஒரே இடத்தில் இருந்தால், தேர்வு செய்பவர் பத்து நிமிடத்தில் உங்கள் வேலைத்தரத்தை எடைபோட்டுவிடுவார்.

அந்த மாதிரிப் பணிக்குக் கச்சாப் பொருள் எடுக்க இருக்கிற இலவச இடங்களில் பெரியது கோப்பர்னிகஸ் காலநிலைத் தரவுக் கிடங்கு. துறையில் எல்லோரும் சிடிஎஸ் என்றே சொல்வார்கள். விண்ணப்பிப்பவருக்கு அது எவ்வளவு பயன்படும், எங்கே காலை வாரும் என்பதுதான் இந்த மதிப்பீடு. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தரவின் தரத்துக்கு ஐந்துக்கு ஐந்து. ஆவணங்களுக்கு நான்கு, எல்லாம் எழுதியிருக்கிறார்கள், ஆனால் தேடித்தான் எடுக்க வேண்டும். காத்திருப்புக்கு இரண்டரை. விண்ணப்பக் கடைசித் தேதிக்கு முந்தின இரவில் முதல்முறையாகத் திறக்கக்கூடாத தளம் இது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில், ஐரோப்பிய நடுத்தர கால வானிலை முன்னறிவிப்பு மையம் இதை நடத்துகிறது. 2018இல் திறந்தார்கள், 2024இல் உள்கட்டமைப்பு முழுவதையும் மாற்றினார்கள். இந்த மாற்றத்தை நினைவில் வையுங்கள். இணையத்தில் கிடைக்கும் பயிற்சிப் பாடங்களில் கணிசமானவை பழைய தளத்துக்கு எழுதப்பட்டவை. அவற்றை வரிக்கு வரி பின்பற்றினால் முதல் கோரிக்கையே பிழை காட்டும்.

கிடங்கின் தலைமைச் சரக்கு இஆர்ஏ5. 1940 முதல் இன்றுவரை, உலகம் முழுவதற்கும், மணிக்கு ஒரு முறை என்ற கணக்கில் வெப்பநிலை, மழை, காற்று, அழுத்தம், கதிர்வீச்சு என்று நூற்றுக்கணக்கான அளவுகள். கட்டத்தின் அளவு கால் பாகை, அதாவது நிலநடுக்கோட்டுப் பகுதியில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர். இது நேரடி அளவீடு அல்ல. செயற்கைக்கோள், பலூன், கப்பல், நிலையம் எல்லாவற்றின் அளவீடுகளையும் ஒரு வானிலை மாதிரியோடு இணைத்துக் கணக்கிட்ட மறுபகுப்பாய்வு. நேர்முகத்தில் 'இஆர்ஏ5இல் பதிவான வெப்பநிலை' என்று சொல்லிவிட்டால் கேட்பவர் புருவம் உயரும். 'இஆர்ஏ5 மதிப்பிடும் வெப்பநிலை' என்று சொல்லிப் பழகுங்கள்.

கணக்குத் தொடங்குவது எளிது. முன்னறிவிப்பு மையத்தின் கணக்கு ஒன்று உருவாக்கி, அதைக் கொண்டே கிடங்குக்குள் நுழையலாம். உங்கள் சுயவிவரப் பக்கத்தில் அணுகல் டோக்கன், அதாவது கோரிக்கை உங்களுடையது என்று காட்டும் ரகசியக் குறியீடு, இருக்கும். பைதானில் கிடங்கிலிருந்து தரவை இறக்கித் தரும் சிடிஎஸ்ஏபிஐ என்ற நிரல் தொகுப்பை நிறுவிவிட்டு, கணினியின் முகப்புக் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் பெயருள்ள அதன் அமைப்புக் கோப்பில் இரண்டே வரி எழுத வேண்டும்: முகவரி ஒன்று, டோக்கன் ஒன்று.

இங்கே மூன்று இடத்தில் சறுக்குகிறார்கள். முதலாவது, பழைய பாடத்தைப் பார்த்து 'வி2' என்று முடியும் முகவரியைப் போடுவது. புதிய முகவரி 'ஏபிஐ' என்பதோடு முடிந்துவிடும். இரண்டாவது, பழைய முறையில் பயனர் எண், முக்காற்புள்ளி, பிறகு சாவி என்று எழுதுவது. இப்போது டோக்கன் மட்டும் போதும், முன்னால் எதுவும் வேண்டாம். மூன்றாவது விண்டோஸ் பயனர்களுக்கு: நோட்பேடில் சேமிக்கும்போது கோப்புப் பெயரின் வாலில் 'டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொள்ளும். வெளியே தெரியாது, நிரலோ அமைப்புக் கோப்பே இல்லை என்று சொல்லும். 'எல்லாக் கோப்புகளும்' என்ற வகையைத் தேர்ந்து சேமித்தால் சரியாகிவிடும்.

டோக்கன் சரியாக இருந்தும் 403 பிழை வந்தால், அந்தத் தரவுத்தொகுப்பின் உரிமத்துக்கு நீங்கள் இன்னும் சம்மதம் தரவில்லை என்று பொருள். நிரல் வழியாகத் தரவு எடுத்தாலும், அந்தத் தொகுப்பின் பதிவிறக்கப் பக்கத்துக்கு ஒருமுறை உலாவியில் போய், கீழே இருக்கும் உரிமத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இனி வரிசை. உங்கள் கோரிக்கை வரிசையில் நின்று, தரவு எடுக்கப்பட்டு, வெட்டப்பட்டு, பிறகுதான் பதிவிறக்கத்துக்கு வரும். சில நிமிடத்தில் முடிவதும் உண்டு, மணிக்கணக்கில் இழுப்பதும் உண்டு. கோரிக்கை பெரிதாக இருந்தால் வரிசையிலேயே சேர்க்காமல், செலவு வரம்பு மீறியது என்று திருப்பி அனுப்பிவிடும். மணிவாரித் தரவை மாதத்துக்கு ஒரு கோரிக்கையாக உடைப்பதே நடைமுறையில் ஓடுகிற வழி. ஒரு மாதத்துக்குள் பல அளவுகளை ஒன்றாகக் கேட்டால் விரைவாக வரும். பல ஆண்டுகளில் ஒவ்வொரு நாளாகக் கேட்டால் இழுக்கும்.

பரப்பைக் குறுக்க வடக்கு, மேற்கு, தெற்கு, கிழக்கு என்ற வரிசையில் நான்கு எண்கள் தர வேண்டும். வரைபடப் பழக்கத்தில் மேற்கை முதலில் எழுதிவிட்டால் ஒன்று பிழை வரும், இல்லையென்றால் வேறொரு நிலப்பரப்பு வந்து சேரும். இரண்டாவதுதான் ஆபத்து. தமிழ்நாட்டுக்கு 14, 76, 8, 81 என்பது தாராளமான பெட்டி.

ஒரே ஓர் இடத்தின் நீண்ட காலத் தொடர் போதும் என்றால் மணிவாரித் தொகுப்போடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஒற்றைப் புள்ளியின் காலத்தொடரைத் தருவதற்கென்றே கிடங்கில் தனித் தொகுப்பு ஒன்று வைத்திருக்கிறார்கள். 1940 முதலான தொடர் வேகமாக வரும். முக்கியமான அளவுகள் மட்டுமே அதில் உண்டு. உலகம் முழுவதும் வேண்டும், வரிசையில் நிற்க முடியாது என்பவர்களுக்கு, கூகுள் கிளவுடில், தரவைத் துண்டு துண்டாகச் சேமிக்கும் ஸார் வடிவில் இஆர்ஏ5இன் பொதுப் பிரதி இருக்கிறது. வேண்டிய துண்டை மட்டும் பைதானிலிருந்து நேராகத் திறக்கலாம். ஆனால் அங்கே தரவு நேரவாரியாகத் துண்டாக்கப்பட்டிருக்கிறது. ஒரு நேரத்தின் உலக வரைபடம் உடனே வரும். ஒரே புள்ளியின் 80 ஆண்டுத் தொடரைக் கேட்டால் ஒவ்வொரு துண்டையும் திறக்க வேண்டியிருக்கும், ஊர்ந்துகொண்டே இருக்கும். தரவு எப்படித் துண்டாக்கப்பட்டிருக்கிறது என்று யோசித்து வழியைத் தேர்ந்ததாக உங்கள் குறிப்பில் ஒரு வரி இருந்தால், அது அனுபவசாலியின் அடையாளம்.

கோப்பு கைக்கு வந்த பிறகு காத்திருக்கும் விஷயங்கள் வேறு. வெப்பநிலையையும் மழையையும் சேர்த்துக் கேட்டிருந்தால், நெட்சிடிஎஃப் என்ற தரவுக் கோப்பு வடிவில் கேட்டது ஸிப் கோப்பாக வரும். உள்ளே இரண்டு கோப்புகள் இருக்கும்: கணநேர அளவுகள் ஒன்றில், சேர்த்துக் கூட்டிய அளவுகள் மற்றொன்றில். நேர அச்சின் பெயரும் 'டைம்' அல்ல, 'வேலிட் டைம்'. பழைய நிரல்கள் இந்த இடத்தில் உடையும். 'எக்ஸ்ப்வெர்' என்று ஒரு குறியீடும் இருக்கும்; 1 என்றால் இறுதி வடிவம், 5 என்றால் தற்காலிக வடிவம். தரவு ஐந்து நாள் தாமதத்தில் தற்காலிகமாக வெளியாகி, இரண்டு மூன்று மாதம் கழித்து இறுதியாகிறது. அண்மை மாதங்களை மாதிரிப் பணியில் சேர்த்தால், எந்தத் தேதிவரை இறுதி, எதிலிருந்து தற்காலிகம் என்று எழுதிவிடுங்கள்.

அகலாங்கு அச்சு வடக்கிலிருந்து தெற்காக இறங்குகிறது. கட்டத் தரவைக் கையாளும் பைதான் தொகுப்பான எக்ஸ்ஆரேயில் 8 முதல் 14 வரை என்று வெட்டினால் வெற்று அணி வரும், பிழைச்செய்தி வராது. 14 முதல் 8 வரை என்று எழுத வேண்டும். தெரியாமல் அந்த வெற்று அணியின் சராசரியை எடுத்தால் 'எண் அல்ல' என்று விடை வரும். அங்கிருந்து பின்னோக்கித் தேடினால் அரைநாள் போய்விடும். வெப்பநிலை கெல்வினில் இருப்பது எல்லோரும் அறிந்ததே, 273.15 கழித்தால் போதும்.

மழை அப்படி எளிதில் முடியாது. மாதிரிப் பணிகளில் தவறு மிகுதியாக நுழைவது இதில்தான்.

மூன்று தொகுப்புகளில் மழை மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. அலகு மூன்றிலும் மீட்டரை ஒட்டியது என்பதால் ஒரே மாதிரி தோற்றமளிக்கும். இஆர்ஏ5 மணிவாரித் தொகுப்பில் ஒவ்வொரு மதிப்பும் அதற்கு முந்தைய ஒரு மணி நேர மழை. 04:00 என்று இருப்பது 03:00க்கும் 04:00க்கும் இடையில் பெய்தது. இருபத்துநான்கைக் கூட்டி, ஆயிரத்தால் பெருக்கினால் மில்லிமீட்டரில் நாள் மழை.

நிலத்துக்கு மட்டுமான நுண்ணிய வடிவம் இஆர்ஏ5-லேண்ட். 1950 முதல் இருக்கிறது, கட்டம் 0.1 பாகை. இதில் மழை உலக நேரம் 00:00 மணியிலிருந்து தொடர்ந்து கூடிக்கொண்டே போகும். 05:00 மதிப்பு என்பது நள்ளிரவிலிருந்து ஐந்து மணி நேரம் பெய்த மொத்தம். ஒரு நாளின் முழு மழை, அடுத்த நாளின் 00:00 மதிப்பில் இருக்கிறது. இதை அறியாமல் இருபத்துநான்கு மதிப்புகளையும் கூட்டினால் என்ன ஆகும்? மணிக்கு 1 மில்லிமீட்டர் வீதம் சீராகப் பெய்த நாளில் உண்மை மழை 24 மில்லிமீட்டர். தவறான கூட்டலில் 300 வரும். சிரபுஞ்சி அளவுக்குச் சேலத்தில் மழை காட்டும் வரைபடம் ஒன்றைப் பார்த்தால், முதலில் இந்தக் கூட்டலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது, இஆர்ஏ5 மாதச் சராசரித் தொகுப்பு. அதில் மழை நாளொன்றுக்கு மீட்டர். மாத மொத்தம் வேண்டுமானால் அந்த மாதத்தின் நாள்களால் பெருக்கி, பிறகு ஆயிரத்தால் பெருக்க வேண்டும். நாள்களால் பெருக்க மறந்தால் டிசம்பர் மழை முப்பத்தொன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். எல்லா மாதங்களையும் 30 என்று பெருக்குவதும் சரியல்ல, பிப்ரவரி கெட்டுப்போகும்.

இந்திய மழையோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் நேரக் கணக்கு ஒன்று கூடுதலாகச் சேரும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழைநாள் காலை 8:30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8:30க்கு முடிகிறது. மறுநாள் தேதியில்தான் பதிவாகிறது. இந்திய நேரம் 8:30 என்பது உலக நேரம் 03:00. ஆகவே டிசம்பர் 2 தேதியிட்ட நிலைய மழைக்கு இணையாக, இஆர்ஏ5இல் டிசம்பர் 1 உலக நேரம் 04:00 முதல் டிசம்பர் 2 உலக நேரம் 03:00 வரையான இருபத்துநான்கு மதிப்புகளைக் கூட்ட வேண்டும். இஆர்ஏ5-லேண்டில் இதே மழையை மூன்றே எண்களில் எடுக்கலாம்: டிசம்பர் 2, 00:00 மதிப்பிலிருந்து டிசம்பர் 1, 03:00 மதிப்பைக் கழித்து, டிசம்பர் 2, 03:00 மதிப்பைக் கூட்டுங்கள். இதைச் செய்யாமல் உலக நேர நாளையே நிலையப் பதிவோடு வைத்து ஒப்பிட்டால், ஒட்டுறவு எண் காரணமில்லாமல் விழும். மறுபகுப்பாய்வு மோசம் என்று தவறான முடிவுக்கும் வந்துவிடுவீர்கள்.

அன்றாடக் குறைந்தபட்ச வெப்பநிலைக்கும் இதே சிக்கல் உண்டு. அதிகபட்சம் பிற்பகலில் வருவதால் உலக நேர நாளுக்குள் பத்திரமாக விழுந்துவிடும். குறைந்தபட்சமோ விடியற்காலை ஆறு மணியை ஒட்டி, உலக நேரம் 00:30 அளவில் வருகிறது. நாள் பிளக்கும் இடமே அதுதான். உலக நேர நாளாக வெட்டினால் ஒரே நாளுக்குள் இரண்டு விடியல்களின் துணுக்குகள் அகப்பட்டு, நாளைய விடியலின் குளிர் இன்றைய கணக்கில் ஏறும். இந்திய நள்ளிரவு உலக நேரம் 18:30. மணிவாரித் தரவை அரை மணியில் வெட்ட முடியாது. 18:00 அல்லது 19:00 என்று ஒன்றைத் தேர்ந்து, தேர்ந்ததை எழுதிவைத்தால் போதும்.

28 கிலோமீட்டர் கட்டம் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பதற்குச் சென்னையை விட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. 2015 டிசம்பர் 2 காலை 8:30 வரையான ஒரு நாளில் நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டரும் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் பதிவாயின. இரண்டுக்கும் நேர்க்கோட்டுத் தூரம் இருபது கிலோமீட்டர்தான், ஒரு கட்டத்தின் அகலத்தைவிடக் குறைவு. அந்த இருபது சென்டிமீட்டர் வித்தியாசத்தை இஆர்ஏ5 காட்ட முடியாது, காட்டும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. கட்ட மதிப்பு பரப்பின் சராசரி. உச்ச மழை அதில் தட்டையாகித்தான் தெரியும்.

கடலோரத்தில் இன்னொன்று. சென்னைக்கு அருகில் உள்ள புள்ளி 13.00 வடக்கு, 80.25 கிழக்கு, அடையாறு, பெசன்ட் நகர் பக்கம். அதைச் சுற்றிய கட்டத்தில் கணிசமான பங்கு வங்காள விரிகுடா. மே மாத வெயிலை அந்தப் புள்ளியில் எடுத்தால் கடல் அதைத் தணித்துக் காட்டும். அடுத்த புள்ளி 80.00 கிழக்கு, ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்றுக் கிழக்கே. அது முழுக்க நிலம். எக்ஸ்ஆரேயில் 'அருகிலுள்ளது' என்று கேட்டால் எதையும் கேட்காமல் ஒன்றைத் தந்துவிடும். நிலம்-கடல் பங்கு என்ற அளவையும் அதே கிடங்கிலிருந்து இறக்கி, தேர்ந்த கட்டத்தில் நிலம் எத்தனை பங்கு என்று மாதிரிப் பணியில் குறிப்பிடுங்கள். கடலோர ஊரை எடுத்துக்கொண்டு இந்த ஒரு வரியை எழுதாமல் விட்டவர்களை, தேர்வு செய்பவர்கள் உடனே கண்டுகொள்வார்கள்.

இத்தனைக்கும் பிறகு நிரல் சரிதானா என்று எப்படி அறிவது? கிடங்கின் மிகப்பெரிய பலம் இங்கேதான் தெரிகிறது. கோப்பர்னிகஸ் சேவை தன் ஆண்டறிக்கைக்கு இதே இஆர்ஏ5ஐத்தான் பயன்படுத்துகிறது. வெளியிட்ட எண்ணை நீங்களே திரும்பக் கணக்கிட்டுச் சரிபார்க்கலாம். 2024இன் உலகச் சராசரி 15.10 பாகை செல்சியஸ். 1991-2020 சராசரியைவிட 0.72 பாகை கூடுதல். 1850-1900 காலத்தைவிட 1.60 பாகை கூடுதல். மாதச் சராசரித் தொகுப்பில் இரண்டு மீட்டர் உயர வெப்பநிலையை 1991 முதல் 2020 வரைக்கும், 2024க்கும் இறக்குங்கள். உலகம் முழுவதற்கும் 721 பெருக்கல் 1440 புள்ளிகள். நினைவகத்தில் ஒரு மாதம் சுமார் 4 மெகாபைட், 360 மாதங்கள் 1.5 கிகாபைட். சாதாரண மடிக்கணினி தாங்கும்.

சராசரி எடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் அகலாங்கின் கோசைனை எடையாகக் கொடுக்க வேண்டும். துருவத்தை நெருங்க நெருங்கக் கட்டங்கள் ஒடுங்குகின்றன. எடை தராவிட்டால் துருவக் குளிர் மிகுந்து, உலகச் சராசரி 15 பாகைக்கு வெகு கீழே இறங்கிவிடும். மாதங்களையும் நாள் எண்ணிக்கையால் எடையிட்டு ஆண்டாக்குங்கள். 15.10, 0.72 இரண்டும் வந்தால் உங்கள் வெட்டல், எடை, அலகு எல்லாம் சரி. இந்தச் சரிபார்ப்பை மாதிரிப் பணியின் முதல் படமாகவே வைக்கலாம். அதற்குப் பிறகு வரும் உங்கள் சொந்தக் கணக்கைப் படிப்பவர் நம்பத் தயாராகிவிடுவார்.

அடுத்த படியாகப் பெர்க்லி எர்த் தரவை எடுத்து ஒப்பிட்டால் பணி இன்னும் கனம் பெறும். நிலையப் பதிவுகளையும் கடல் அளவீடுகளையும் கொண்டு தனி முறையில் கணக்கிடும் அந்த அமைப்பு, 2024க்குத் தந்த எண் 1.62 பாகை. வழிகள் வேறு, விடைகள் நெருக்கம். ஆனால் கோப்பைத் திறந்ததும் வேறு எண்கள் தெரியும். பெர்க்லி எர்த் 1951-1980 காலத்தை அடிப்படையாக வைத்து எழுதுகிறது. இரண்டையும் ஒரே அடிப்படைக் காலத்துக்கு நகர்த்தாமல் ஒரே வரைபடத்தில் போட்டால், கோடுகளின் இடைவெளி வெறும் அடிப்படை மாற்றமாகத்தான் இருக்கும். அதை அறிவியல் வேறுபாடாக விளக்கி எழுதுவது விண்ணப்பத்தைக் கெடுத்துவிடும். பெர்க்லி எர்த் தரவுக்கு வணிகமல்லாத பயன்பாட்டு உரிமம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லா விண்ணப்பத்துக்கும் சிடிஎஸ் பொருந்தாது. எம்பர் மின்சாரத் தரவில் இயங்குகிறது. அங்கே வேலை கேட்பவர் அவர்களே திறந்து வைத்திருக்கும் மாதாந்திர மின்னுற்பத்தித் தரவில் ஒரு கேள்வியை எடுப்பதுதான் முறை. காற்றுத்தரம் என்றால் ஓப்பன்ஏக்யூ என்ற திறந்த தரவுத் தளம். அதன் நிரல் இடைமுகத்தில் பழைய முதல், இரண்டாம் பதிப்புகளை 2025 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள், மூன்றாம் பதிப்புக்குச் சாவி வேண்டும். ஓப்பன் கிளைமேட் ஃபிக்ஸ் சூரிய மின்னுற்பத்தியை முன்கணிக்கும் அமைப்பு. அவர்கள் நிரல், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் திறந்திருக்கிறது. வெளியாள் ஒரு சிறு பிழையைத் திருத்தி அனுப்பி அது ஏற்கப்பட்டால், எந்த அறிமுகக் கடிதத்தைவிடவும் வலுவான சான்று. கார்பன்பிளானும் தன் நிரல்களைத் திறந்தே வைத்திருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் அவர்கள் நிரல் எழுதும் பாங்கைப் படித்துவிடுங்கள்.

அனுப்பும் முறை பற்றிச் சில. உங்கள் கிட்ஹப் களஞ்சியத்தில் தரவுக் கோப்புகளை ஏற்ற வேண்டாம். தரவை இறக்கும் நிரலை வையுங்கள். பயன்படுத்திய பைதான் தொகுப்புகளின் பதிப்பு எண்களோடு சூழல் கோப்பு ஒன்று வேண்டும். விளக்கக் குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது: கேள்வி ஒரு வாக்கியத்தில், விடை எண்ணோடு ஒரு வாக்கியத்தில், பிறகு படம், பிறகு வரம்புகள். தரவை இறக்கிய தேதியும் கோப்பர்னிகஸுக்கு நன்றிக் குறிப்பும் அவசியம், உரிமமே அதைக் கேட்கிறது. அறிமுகக் கடிதத்தில் பருவநிலை மாற்றத்தின் கொடுமையைப் பற்றி ஒரு பத்தி எழுதுவதற்குப் பதில், களஞ்சியத்தின் இணைப்பையும் விடையின் எண்ணையும் முதல் மூன்று வரிக்குள் கொண்டுவாருங்கள்.

விளம்பரத்தைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். 'எங்கிருந்தும்' என்று தலைப்பில் இருந்தாலும், கீழே குறிப்பிட்ட நாட்டில் வேலைசெய்யும் உரிமை கேட்டிருப்பார்கள். அது இருந்தால் அந்த நாட்டுக்குள் எங்கிருந்தும் என்றே பொருள். அதற்கு ஒரு வாரத்தைச் செலவழிக்காதீர்கள். நேர ஒத்திசைவு நான்கு மணி நேரம் என்று கேட்டால், லண்டன் குழுவோடு இந்தியாவிலிருந்து எளிது: கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி வித்தியாசம். கலிபோர்னியா என்றால் கோடையில் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் பதின்மூன்றரை. இரவு வேலையாகத்தான் முடியும். அதை ஒப்புக்கொள்ளும் முன் வீட்டில் பேசிவிடுவது நல்லது.

உங்களை ஊழியராக எடுப்பார்களா, ஒப்பந்ததாரராகவா என்பதைச் சம்பளம் பேசுவதற்கு முன்பே கேளுங்கள். இந்தியாவில் கிளை இல்லாத அமைப்பு, இடைநிலை நிறுவனம் ஒன்றின் வழியாக ஊழியராக வைத்துக்கொண்டால் வருங்கால வைப்புநிதி, விடுப்பு எல்லாம் உண்டு. ஒப்பந்தம் என்றால் அவை இல்லை. ஆண்டு வருமானம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் வரும். வெளிநாட்டுக்குச் செய்யும் சேவை ஏற்றுமதியாகக் கருதப்பட்டால் வரி பூஜ்யம்தான், ஆனால் ஒவ்வொரு நிதியாண்டும் உறுதிப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும், பணம் வந்ததற்கான வங்கிச் சான்றையும் பத்திரப்படுத்த வேண்டும். கணக்காளரின் கட்டணத்தையும் சேர்த்தே ஊதியத்தைக் கேளுங்கள்.

களஞ்சியத்தைப் பொதுவாக்கும் முன் கடைசியாக ஒரு சோதனை: டோக்கன் எந்தக் கோப்பிலாவது எழுதப்பட்டிருக்கிறதா? நோட்புக்கின் ஏதோ ஒரு கட்டத்தில் சோதனைக்காக ஒட்டியது அப்படியே கிடக்கும். அழித்தால் மட்டும் போதாது, மாற்றங்களையெல்லாம் பதிந்துவைக்கும் 'கிட்' மென்பொருளின் வரலாற்றில் அது தங்கிவிடும். பழைய டோக்கனை ரத்து செய்து புதிதாக ஒன்று எடுத்துவிட்டு, அதன் பிறகு இணைப்பை அனுப்புங்கள்.